நெடுஞ்சாலையும் நித்திரையும்

"சாரதியின் நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணமென்று பொலிஸாரின் ஆரம்பக்கட்ட விசாரணைகளிலிருந்து தெரியவந்துள்ளது." இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் லொறியொன்று வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியிருக்கும். அல்லது நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வாகனமொன்றின் பின்புறத்தில் மோதியிருக்கும். இறந்தவரின் வயது, ஊர், அவரது பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியன வரும். இறுதியாக இந்த வாக்கியம் வரும். செய்தி அத்துடன் முடிந்துவிடும்.

நான்கு தசாப்தங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தைப் பற்றி நான் பல தடவைகள் சிந்தித்ததுண்டு. அதில் பொய் எதுவுமில்லை. ஆனால், கேள்விகள் ஆரம்பமாக வேண்டிய இடத்தில் அது முற்றுப்புள்ளியை வைத்துவிடுகிறது. சாரதிக்கு ஏன் நித்திரை வந்தது? அதற்கு முன்னர் அவர் எத்தனை மணித்தியாலங்கள் விழித்திருந்தார்? சரக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டுமென்று கட்டளையிட்டவர் யார்? இவற்றுக்கான பதில்கள் விசாரணை அறிக்கைகளில் வருவது அரிது. இறந்த சாரதியால் பதில் கூற முடியாது. உயிருடன் இருப்பவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

இந்த விடயம் கடந்த சில வருடங்களில் எனது குடும்பத்திற்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது. எனது சகோதரியின் மகன் கனடாவில் கனரக லொறிச் சாரதி. அவனைப் பற்றிக் கூறுவதற்கு முன்னர், எங்கள் ஊர் லொறிகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டியிருக்கிறது.

நான் இத்தொழிலுக்கு வந்த எழுபதுகளில் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக லொறிகள் கொழும்புக்கு வரும். இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த, 1977இற்கு முற்பட்ட காலம் அது. வடபகுதி விவசாயிகள் கையில் நாலு காசு புழங்கிய காலமென்றும் கூறலாம். மாலையில் ஏற்றிய மூடைகள் விடிவதற்கு முன்னர் புறக்கோட்டையில் நிற்கவேண்டும். சந்தையின் விலை விடியலில் தீர்மானமாகும். பிந்தி வந்த மூடைக்கு விலை விழும். அழுகக்கூடிய பொருளுக்கு இரவின் குளிர்ச்சியும் தேவை. ஆகவே, மனித உடல் உறங்க விரும்பும் நேரமே லொறி ஓடவேண்டிய நேரமாயிற்று. இன்று தம்புள்ளைக்குச் செல்லும் மரக்கறி லொறிகளுக்கும் இதே கணக்குத்தான்.

பத்திரிகைக்காரர்களாகிய நாமும் இரவுப் பிராணிகளே. நள்ளிரவு தாண்டிக் கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, விடியற்காலையில் படுத்து, பகல் வெளிச்சத்தில் உறங்க முயன்ற வருடங்கள் எனக்குமுண்டு. அதிகாலை மூன்று மணிக்கு எழுத்துகள் கண்முன்னே நீந்தத் தொடங்கும். ஆயினும் இரண்டு தொழில்களுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆசிரிய பீடத்தில் கண் அயர்ந்தால் எழுத்துப்பிழை வரும்; மறுநாள் திருத்தம் வெளியிடலாம். லொறிச் சாரதியின் தொழிலில் திருத்தம் வெளியிட இடமில்லை.

2002ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, கட்டுரை ஒன்றுக்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற லொறி ஒன்றில் சாரதியின் பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்தேன். சாரதி வடமராட்சியைச் சேர்ந்தவர். அறுபது வயதை அண்மித்தவர். பகல் முழுவதும் புறக்கோட்டையில் நின்று சாமான்களை ஏற்றுவித்துவிட்டு, இரவு எட்டு மணிக்குத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி என்று பயணம் தொடர்ந்தது. வவுனியாவைக் கடந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் இடம்பிடிக்க வேண்டுமென்பதே அவரது அவசரம். ஓமந்தையில் காத்திருப்பு, சாமான்களை இறக்கிச் சோதனை. அப்பால் புலிகளின் சாவடியில் வரி. அதன் பின்னர் குண்டும் குழியுமான வீதி. இரு மருங்கிலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். முகமாலையில் மீண்டும் வரிசை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வரிசையில் நிற்பது ஓய்வு போலத் தோன்றும். அது ஓய்வன்று. பத்து நிமிடத்திற்கொரு தடவை முன்னால் நிற்கும் வாகனம் பத்து யார் நகரும். நாமும் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் நிற்பவர் முந்திவிடுவார். அந்த வெயிலில் அவர் கண்ணை மூடியதை நான் காணவில்லை. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர் விழித்திருந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். முப்பது மணித்தியாலங்களைத் தாண்டியிருந்தது.

இடையில் அவரிடம் கேட்டேன்: "அண்ணை, உங்களுக்கு நித்திரை வரேல்லையோ?"

"நித்திரை எப்பவும் வரும் தம்பி. வந்து கதவைத் தட்டும். ஆளில்லையெண்டு சொல்லி அனுப்பிப்போடுவன். ஒருநாளைக்கு அது தட்டாமல் உள்ளுக்கு வந்திடும். அந்த நாளுக்குத்தான் எனக்குப் பயம்" என்றார்.

அவர் கூறியதை உறக்கவியல் ஆய்வாளர்கள் வேறு சொற்களில் கூறுகிறார்கள். நீண்டநேரம் விழித்திருந்த மூளை, உடையவரின் அனுமதியின்றிச் சில விநாடிகளுக்குத் தன்னைத் தானே அணைத்துக் கொள்ளும். கண்கள் திறந்திருக்கும்போதே இது நிகழக்கூடும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 22 மீற்றர் ஓடும். நான்கு விநாடி நித்திரை என்றால், ஏறக்குறைய 90 மீற்றர் தூரத்திற்கு அந்த லொறிக்குச் சாரதி இல்லை. உடலின் உள்மணிக்கூடு, நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையிலும், பின்னர் பிற்பகலிலும் விழிப்பைத் தாழ்த்துகிறது. எத்தனை வருட அனுபவமுள்ள சாரதியாயினும் இந்த மணிக்கூட்டை முற்றாக மாற்றியமைத்துவிட முடியாது.

1997ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. தொடர்ந்து 17 மணித்தியாலங்கள் விழித்திருப்பவரின் கை கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. 24 மணித்தியாலங்கள் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்திற்குச் சமமாகிறது என்று அவர்கள் கண்டார்கள். அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் 0.05 என்பதே சட்டம் விதித்த எல்லை. மது அருந்திய சாரதியைப் பிடிப்பதற்குப் பொலிஸாரிடம் பலூன் இருக்கிறது. நித்திரையைப் பிடிப்பதற்கு இன்னும் ஒரு பலூன் வீதிக்கு வரவில்லை.

நித்திரையை விரட்ட நம் சாரதிகள் கைக்கொள்ளும் உபாயங்களை வாசகர்கள் பலரும் அறிவர். முகத்தில் குளிர்ந்த நீர், வாயில் வெற்றிலையும் புகையிலையும், உரத்த பாட்டு, பக்கத்தில் இருக்கும் உதவியாளரின் ஓயாத பேச்சு, வீதியோரக் கடையில் ஒரு பிளேன்ரீ. இங்கிலாந்தின் லஃப்பறோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் இவற்றையொத்த உபாயங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். முகத்தில் அடிக்கும் குளிர்காற்றும் வானொலியும் சிறிது நேரத்திற்கே, அதுவும் சொற்பமாகவே, பயன் தந்தன. உண்மையில் பயன்பட்டவை இரண்டு. ஒன்று குறுந்தூக்கம், மற்றையது கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபேன். கஃபேன் வேலைசெய்ய ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். ஆகவே முதலில் கோப்பியைக் குடித்துவிட்டு, வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இருபது நிமிடத்திற்கு மேற்படாமல் உறங்கி எழுந்தால் இரண்டின் பயனும் ஒன்றாய்க் கிடைக்கும். இருபது நிமிடத்திற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்து, எழும்போது தலை பாரமாக இருக்கும். எனினும் இது சில மணித்தியாலங்களைக் கடன் வாங்கும் வழியே அன்றி, இரவு உறக்கத்திற்கு ஈடாகாது.

அந்த வடமராட்சிச் சாரதி எந்த ஆய்வையும் வாசித்தவரல்லர். ஆனால் அவரிடம் ஒரு நியமம் இருந்தது. ஏ-9 வீதியால் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கடப்பதில்லை என்பதை அவ்வழியே சென்ற எவரும் அறிவர். மற்றவர்கள் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். இவர் கும்பிட்டுவிட்டு வந்து லொறிக்குக் கீழே பாயை விரித்து அரைமணி நேரம் படுப்பார். "பிள்ளையாருக்கு முன்னால நிண்டால் முதலாளியும் ஏன் பிந்தினனி எண்டு கேட்கமாட்டான்" என்று சிரித்தார். அவருக்கு வேண்டிய ஓய்வைச் சம்பிரதாயம் கொடுத்தது. முப்பது வருடங்களில் பெரிய விபத்து எதுவும் தமக்கு நேரவில்லை என்றார். 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டபோது அவரது ஓட்டமும் நின்றுபோயிற்று.

2009இற்குப் பின்னர் வீதி மீண்டும் திறந்தது. பின்னர் காப்பெற் வீதியாயிற்று. பயண நேரம் குறைந்தது. ஆனால் நேரான, ஒரே மாதிரியான வீதி களைத்த கண்ணைத் தாலாட்டும். போதாக்குறைக்கு இருட்டில் கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும். பழைய குழிகள் சாரதியின் இடுப்பை உடைத்தன. அதேவேளை அவரை விழித்திருக்கவும் செய்தன.

இனி மருமகனின் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் கனடா சென்றவன். தொழிற்சாலை வேலை, பின்னர் உணவக வேலை என்றிருந்து, ஒன்ராறியோ மாகாணத்தின் 'ஏ-செட்' அனுமதிப்பத்திரத்தைப் பெற்று நெடுந்தூர லொறிச் சாரதியானான். ரொறன்ரோவுக்கும் வின்னிபெக்குக்கும் இடையில் ஓட்டம். ஒரு வழிப்பயணம் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஒன்ராறியோவின் வடபகுதியில் 11ஆம், 17ஆம் இலக்க நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று என்ற இரண்டு வழித்தடங்களே. சுப்பீரியர் ஏரிக்கரையில் பனிப்புயல் அடித்தால் வீதியை மூடிவிடுவார்கள். இரவில் மூஸ் எனப்படும் பெரிய மான்கள் குறுக்கே வரும்.

ஓட்டும் நேரத்திற்கு அங்கே சட்டம் இருக்கிறது. கனடாவில் கனரக வாகனச் சாரதி ஒரு நாளில் 13 மணித்தியாலங்களுக்கு மேல் வாகனம் ஓட்டக்கூடாது. கடமை நேரம் 14 மணித்தியாலங்களைத் தாண்டிய பின்னும் ஓட்டக்கூடாது. நாளொன்றில் 10 மணித்தியாலங்கள் கடமையில்லாது இருக்கவேண்டும். அதில் எட்டு மணித்தியாலங்கள் தொடர்ச்சியாக அமையவேண்டும். முன்னர் கையால் எழுதிய பதிவேட்டில் கணக்கைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. 2021 ஜூனில் மின்னணுப் பதிவுக்கருவி கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து இயந்திரமே கணக்கு வைக்கிறது.

இவ்வளவு சட்டமிருந்தும் அவன் களைத்துப்போனான். காரணத்தை அவனே விளக்கினான். சம்பளம் ஓடிய மைலுக்குத்தான். களஞ்சியசாலை வாசலில் சரக்கு ஏற்றுவதற்காக ஐந்து மணித்தியாலங்கள் காத்து நின்றால், அந்த நேரத்திற்குக் காசு இல்லை, அல்லது சொற்பம். ஓமந்தை வரிசை கடல் கடந்து வந்து அவனைப் பிடித்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றியது. அத்துடன், கருவி மணித்தியாலங்களைத்தான் அளக்கும், நித்திரையை அளக்காது. "படுக்கச் சொல்லுற நேரத்தில நித்திரை வராது மாமா. ஓடச் சொல்லுற நேரத்திலதான் நித்திரை வரும்" என்றான். ஓய்வு நேரம் ஒருநாள் பகலிலும் மறுநாள் இரவிலுமாக மாறிமாறி வந்தால் வேறெப்படி இருக்கும்?

முதலில் விடயத்தைக் கண்டுகொண்டவள் அவனது மனைவி. வீட்டில் உறங்கும் நாட்களில் அவன் பெரிதாகக் குறட்டை விடுவான்; திடீரென்று மூச்சு நின்றுவிடும்; பின்னர் திணறி எழுவான். உறக்க ஆய்வுகூடம் ஒன்றில் ஓரிரவு பரிசோதித்தார்கள். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடும் நோய் என்று வைத்தியர் கூறினார். மணிக்கணக்காகப் படுத்திருந்தாலும் மூளை திரும்பத் திரும்ப விழித்துக்கொள்வதால் உறக்கம் உறக்கமாக இராது. உட்கார்ந்தே செய்யும் வேலை, வீதியோர உணவு, கூடிய உடல் எடை, பருத்த கழுத்து ஆகியவை காரணமாக லொறிச் சாரதிகளிடம் இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. மூக்கில் முகமூடி வைத்து அழுத்தமான காற்றைச் செலுத்தும் சிறிய இயந்திரத்தைக் கொடுத்தார்கள். லொறியின் படுக்கையிலும் அதை மாட்டிக்கொண்டு உறங்கலாம். சில வாரங்களில் அவனது பகல்நேரத் தூக்கம் நின்றுபோயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நாம் நினைத்தோம். கடந்த மாரிகாலத்தில் ஒருநாள் அவன் என்னை அழைத்தான். லொறி ஏதோவொரு தரிப்பிடத்தில் நின்றிருந்தது.

"உங்களுக்குத்தான் சொல்லுறன் மாமா, அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. இப்ப நித்திரைப் பிரச்சினை இல்லை. ஆனா வீட்டை போற நாளிலயும் சந்தோஷம் வருகுதில்லை. பிள்ளை ரெலிபோன் எடுத்தால், எப்ப வைப்பாள் எண்டு இருக்கு."

களைப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. களைத்தவன் உறங்கி எழுந்தால் மீள்வான். இது உறங்கி எழுந்த பின்னும் இருக்கும். நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றில் தொண்டர்களிடையே பணியாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல் என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் இன்று உலகமறிந்தது. பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் அதனை அளக்கும் முறையை வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், சமாளிக்கப்படாத நீண்டகாலத் தொழில் அழுத்தத்தால் விளைவது என்று இது விபரிக்கப்பட்டுள்ளது. மூன்று அடையாளங்கள் கூறப்படுகின்றன: சக்தி வற்றிப்போதல், தொழிலின் மீது வெறுப்பும் விலகலும், தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். அந்த நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. தொழில்சார் நிகழ்வு என்றே குறிப்பிட்டிருக்கிறது. இந்தச் சொல்லாட்சி முக்கியமானது. பழுது மனிதனுக்குள் மட்டும் இல்லை, தொழில் அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது என்பது அதன் பொருள். தொழில் மாறாவிட்டால் மருந்தும் விடுமுறையும் ஓரளவுக்கே உதவும்.

ஆகவே, பொறுத்துக்கொள் என்று அவனிடம் நான் கூறவில்லை. குடும்ப வைத்தியரிடம் மனதில் உள்ளதை முழுவதும் கூறுமாறும், வீட்டுக்கடனையும் செலவையும் மனைவியுடன் அமர்ந்து தாளில் எழுதிப் பார்க்குமாறும் கூறினேன். நெடுந்தூர ஓட்டத்தை விட்டால் எவ்வளவு குறையும், எதைக் குறைத்து அதை ஈடுசெய்யலாம் என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் யோசித்தார்கள். இப்போது அவன் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் உள்ளூர் ஓட்டத்தில் இருக்கிறான். சம்பளம் மணித்தியாலக் கணக்கில். வாசலில் காத்து நின்றாலும் காசு உண்டு. வருமானம் குறைந்துதான்விட்டது. வாங்க நினைத்த பெரிய வீட்டை வாங்கவில்லை. சகோதரிக்கு இந்தக் கதையில் பாதி இன்னும் தெரியாது. "தம்பி இப்ப ரெலிபோனில கனநேரம் கதைக்கிறான்" என்று மட்டும் என்னிடம் கூறினாள்.

அவனுக்கு ஒரு தெரிவு இருந்தது. வைத்தியர், ஆய்வுகூடம், வேறு ஓட்டம் என்று போவதற்கு இடங்கள் இருந்தன. இன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து மரக்கறியோ மீனோ ஏற்றிப் புறப்படும் சாரதிக்கு இவற்றில் எது இருக்கிறது? தொடர்ந்து நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் ஓடினால் இடைவேளை, நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலங்களுக்கு மேற்படாத ஓட்டம் என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 153ஆம் இலக்கச் சமவாயம் 1979இலேயே விதித்தது. மிகச் சில நாடுகளே அதை ஏற்றுக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள், நாலரை மணித்தியால ஓட்டத்திற்கு 45 நிமிட ஓய்வைக் கட்டாயமாக்கியதுடன் நில்லாது, வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தை ஏற்படுத்தும் வகையில் ஓடிய தூரத்தையோ ஏற்றிய அளவையோ வைத்துச் சாரதிக்குக் கொடுப்பனவு வழங்குவதையும் தடைசெய்கின்றன. நித்திரைக் கலக்கத்தின் வேர் சம்பளச் சீட்டிலும் இருக்கிறது என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

சட்டத்திற்கு அப்பால் செய்யக்கூடியவையும் உள்ளன. வியாபாரிகள் சரக்கு வரும் நேரத்தை விதிக்கும்போது சாரதி உறங்குவதற்கான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடலாம். பகல் முழுவதும் மூடை ஏற்றுவித்தவரையே இரவு ஸ்டியரிங்கில் அமர்த்தாமல் இருக்கலாம். வீட்டில் உள்ளவர்கள், மூச்சு நின்று நின்று வரும் குறட்டையைச் சிரிப்புக்குரிய விடயமாக எடுக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம். இளம் நிருபர்கள் இத்தகைய விபத்துச் செய்தியை எழுதும்போது பொலிஸ் நிலையத்தில் இன்னும் ஒரேயொரு கேள்வியைக் கேட்கலாம்: "சாரதி கடைசியாக எப்போது உறங்கினார்?" பதில் கிடைத்தால் அதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.